பத்தாவது கணக்குக்கு டேப்லெட்டா, தெரு டியூஷனா?

மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு கற்றல் செயலிக்குச் சந்தா கட்டினோம், டேப்லெட்டும் சேர்த்து. பத்தாவதில் காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அதை அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் வீட்டில் நடத்தும் டியூஷனுக்கு அனுப்பினோம். அதனால் நான் எந்தக் கட்சி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டியூஷன் கட்சி. அதுவும் சமச்சீர் பாடத்திட்டத்தில் பத்தாவது கணக்குக்கு மட்டும்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை வேகமாக முடித்துவிடலாம். பணம்: செயலிக்குக் கட்டிய தொகையில் டியூஷன் ஃபீஸ் இரண்டு வருஷம் ஓடியிருக்கும். வசதி: டேப்லெட்தான். மழை, தெருநாய், இருட்டு எந்தக் கவலையும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்பது: இதிலும் டேப்லெட்தான். ஒரே விளக்கத்தை ஏழு தடவை சொல்லச் சொன்னாலும் அது முகம் சுளிக்காது. டீச்சர் மூன்றாவது தடவையே சுளிப்பார்.

திரை உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. அது நாங்கள் காசு கொடுத்து வாங்கிய செயலியில் இல்லை, இலவசமாகக் கிடைப்பதில் இருந்தது. பத்தாவது கணக்குப் புத்தகத்திலேயே 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி வரும். அங்கிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் படங்கள் திறக்கும். எண்ணை மாற்ற மாற்ற, கண்ணுக்கு முன்னாலேயே படமும் மாறும். இருபடிச் சமன்பாட்டின் வளைவரை எப்போது எக்ஸ் அச்சைத் தொடும், எப்போது தொடாமலே போகும் என்பது என் மகளுக்கு அதில்தான் பிடிபட்டது. கரும்பலகையில் டீச்சர் பத்துப் படம் போட்டாலும் அந்த அசைவு வராது.

சரி, அப்புறம் ஏன் மாற்றினோம்?

என் மகள் வயதுக் குழந்தைகளின் படிப்புப் பழக்கம் எங்கே உருவானது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது அவள் சின்ன வகுப்பில் இருந்தாள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-இல். அதாவது ஒரு வகுப்பு முழுக்கவும் அடுத்ததில் பாதியும் என்னுடைய கைப்பேசியிலேயே போயிற்று. பாடம் என்றால் பார்க்கிற ஒன்று என்ற எண்ணம் அந்த வயதிலேயே ஊறிவிட்டது. குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம்தானே கையில் கொடுத்தோம்.

செயலியில் அவள் படித்ததைக் கவனித்தேன். வீடியோ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். முடிந்ததும் நான்கு கேள்வி வரும், எல்லாம் சரியான விடையைத் தொடுகிற ரகம். தப்பாகத் தொட்டால் 'தீர்வைக் காண்க' என்று ஒரு பட்டன். கணக்கு கொஞ்சம் முரண்டு பிடித்தால் பத்து விநாடிக்குள் விரல் அந்தப் பட்டனுக்குப் போய்விடும். தீர்வைப் பார்ப்பாள், தலையாட்டுவாள், அடுத்ததுக்குப் போவாள். "புரிஞ்சுதாடி?" என்றால் "புரிஞ்சுதும்மா" என்பாள். பொய் சொல்லவில்லை, அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. செய்ய வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஏமாற்றம் நம் வீட்டுக்கு மட்டும் உரியதில்லை. 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவை ஒரு உரைநடைப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது திரும்பத் திரும்பப் படித்த குழுதான். அது உரைநடை, கணக்கு அல்ல. அப்படியே பொருத்திவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தலையாட்டலை நான் தினமும் சாயங்காலம் பார்த்திருக்கிறேன்.

தேர்வுத்தாளையும் பாருங்கள். பத்தாவது கணக்கு 100 மதிப்பெண். அதில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பது 14 மட்டுமே. இரண்டு மதிப்பெண் கேள்வி 10, ஐந்து மதிப்பெண் கேள்வி 10, எட்டு மதிப்பெண் கேள்வி 2. ஆக 86 மதிப்பெண்ணைப் பேனாவும் பென்சிலும்தான் வாங்கித் தர வேண்டும். அந்த எட்டு மதிப்பெண் கேள்விகளில் ஒன்று வடிவியல், இன்னொன்று வரைபடம். வீடியோவில் வரும் காம்பஸ் ஒருநாளும் வழுக்காது. நிஜக் காம்பஸ் வழுக்கும், பென்சில் முனை மழுங்கும், வட்டத்துக்குத் தொடுகோடு வரையப் போய் அது வட்டத்தை வெட்டிக்கொண்டு போகும். காலாண்டில் அவள் கோட்டை விட்டது அங்கேதான்.

இதெல்லாம் இருந்தும், செயலியையே ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் பராமரிப்பில் இருக்கிறது. ஸ்கூட்டி வாங்கினால் சர்வீஸ் செலவைப் பார்க்கிறோம். டேப்லெட்டுக்கு அந்தச் செலவு பக்கத்தில் உட்காரும் ஆள். வீடியோவை நிறுத்து, நோட்டில் போடு, அப்புறம் தீர்வைப் பார் என்று சொல்ல ஒருவர் வேண்டும். போட்ட கணக்கில் எந்த வரியில் குறி மாறியது என்று பார்க்க ஒருவர் வேண்டும். நடுவில் வேறு எதையாவது திறந்திருக்கிறாளா என்று எட்டிப் பார்க்கவும் ஒருவர் வேண்டும். நான் வேலை முடிந்து வீடு சேர ஏழு மணி. அவள் அப்பாவுக்கு ஷிப்ட். முதல் இரண்டு மாதம் சமையலை ஒரு கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், உண்மையிலேயே பலன் இருந்தது. மூன்றாவது மாதம் முடியவில்லை. நான் எழுந்து போனதும் செயலியும் வெறும் டிவி ஆகிவிட்டது. வாங்கும்போது வீட்டுக்கு வந்து பேசியவர் இதைச் சொல்லவில்லை. "பேரன்ட்ஸ் ஒண்ணுமே பண்ண வேண்டாம் மேடம்" என்றுதான் சொன்னார்.

டீச்சர் வீட்டில் அந்த வேலைக்குத்தான் நான் ஃபீஸ் கொடுக்கிறேன். அங்கே எட்டுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். டீச்சர் விளக்குவது கால் மணி நேரம்கூட இருக்காது. விளக்கத்தில் வீடியோக்காரர்களே கெட்டிக்காரர்கள். மீதி நேரமெல்லாம் பிள்ளைகள் போடுவார்கள், அவர் சிவப்புப் பேனாவோடு குனிந்து பார்த்துக்கொண்டே போவார். உதவிப்படம் போடாமல் வடிவியல் கணக்கை ஆரம்பித்தால் நோட்டை மூடிக் கொடுத்துவிடுவார். விடை வராவிட்டாலும் சொல்லித் தர மாட்டார். "உக்காந்து யோசி" என்பார், சில நாள் இருபது நிமிஷம்கூட. முதல் வாரம் மகள் அழுதுகொண்டே வந்தாள். டிசம்பருக்குள் வீட்டிலும் விடைப் பக்கத்தைப் புரட்டாமல் ஒரு கணக்கோடு மல்லுக்கட்ட ஆரம்பித்திருந்தாள்.

பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. அது டியூஷனாலா, கடைசி மூன்று மாதம் எல்லாப் பிள்ளைகளும் போடும் உழைப்பாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. எல்லா டியூஷனும் இப்படி இருக்காது. அறுபது பேரை அடைத்து மைக்கில் பாடம் நடத்தும் இடமென்றால், அதற்கு வீட்டில் வீடியோ பார்ப்பதே மேல். அப்படிப்பட்ட ஒரு இடத்தை ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். பக்கத்தில் நல்ல டீச்சரே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கும் என் கணக்கு ஒத்துவராது. வீட்டில் தாத்தாவோ சித்தியோ தினம் ஒரு மணி நேரம் உட்காரத் தயார் என்றால் டேப்லெட்டே போதும், சந்தாகூட வேண்டாம். புத்தகம் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கிறது, யூடியூபில் தமிழில் விளக்குபவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ பற்றி இப்போது எதுவும் சொல்லும் நிலையில் நான் இல்லை. அவள் பிளஸ் ஒன் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. இயற்பியலுக்கு வீடியோ வேண்டும் என்று அவளே டேப்லெட்டை அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறாள். ஒரு கணக்கு வந்ததும் வீடியோவை நிறுத்திவிட்டு ரஃப் நோட்டைத் தேடுகிறாள். பாதி நாள் ரஃப் நோட்டு கிடைப்பதில்லை, அது வேறு சண்டை.