டிஎல்எம்எஸ் முதல் ஐஇசி 61850 வரை: 11 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒரு நிறுவனத்தின் மீட்டர், இன்னொரு நிறுவனத்தின் தரவு சேகரிப்பு மென்பொருள், மூன்றாவது நிறுவனத்தின் இன்வெர்ட்டர் ஆகியவை ஒரே மின்கட்டமைப்பில் சேர்ந்து வேலை செய்யும்படி இணைத்துத் தருவது கடந்த 11 ஆண்டுகளாக என் பணி. அந்தக் கருவிகளைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. அவற்றை ஒன்றோடொன்று பேச வைக்கும் தரநிலைகளைப் பற்றி, அவற்றை அன்றாடம் பயன்படுத்துபவன் என்ற நிலையிலிருந்து எழுதுகிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தரநிலை எத்தனை வசதிகளைத் தருகிறது என்பது களத்தில் பெரிய விஷயமாக இருப்பதில்லை. எவற்றையெல்லாம் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடாமல் தானே தீர்த்து வைக்கிறது என்பதைப் பொறுத்தே எங்கள் இரவுகள் அமைதியாகக் கழிகின்றன.

மீட்டர்களிலிருந்து தொடங்குகிறேன். ஐஇசி எனப்படும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62056 வரிசையில் வரும், மீட்டர் தரவைப் படிப்பதற்கான டிஎல்எம்எஸ்/கோசெம் தரநிலையை நான் மிக நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். இன்றும் அதன் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வோர் அளவுக்கும் ஓபிஸ் என்னும் குறியீடு இருக்கிறது. 1-0:1.8.0.255 என்று கேட்டால், எந்த நிறுவனத்தின் மீட்டராக இருந்தாலும் நுகர்வோர் இதுவரை எடுத்த மொத்த மின்னாற்றலையே தரும், 1.8.0 என்ற இடத்தில் 2.8.0 என்று கேட்டால் அவர் கட்டமைப்புக்குத் திருப்பி அனுப்பியதைத் தரும். அதைவிட முக்கியமாக, ஒவ்வோர் அளவும் பண்புகள் எனப்படும் எண்ணிட்ட கட்டங்களாக வருகிறது; மதிப்பு இரண்டாவது பண்பிலும், அதன் பெருக்கமும் அலகும் மூன்றாவது பண்பிலும் இருக்கின்றன. 123456 என்ற எண் வந்து, பெருக்கம் 10-இன் 1-ஆம் அடுக்கு என்றும் அலகு வாட்-மணி என்றும் மீட்டரே சொல்லிவிட்டால், அது 1234.56 கிலோவாட்-மணி என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. தன் எண்ணின் பொருளைத் தானே சொல்லும் கருவியோடு வேலை செய்வது எவ்வளவு நிம்மதி என்பது, வெறும் எண்களை மட்டும் அனுப்பும் பழைய நெறிமுறைகளோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட இதே தரநிலைதான் எங்களுக்கு மிக நீண்ட தேடலையும் கொடுத்தது. கோசெம் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வேறுபாடு நிமிடங்களில் குறிக்கப்படுகிறது. உள்ளூர் நேரத்தோடு அதைக் கூட்டினால் பொது நேரம் கிடைக்க வேண்டும் என்பது தரநிலையின் பொருள்; ஆகவே பொது நேரத்துக்கு ஒரு மணி முன்னால் இருக்கும் இடத்தில் அந்த எண் −60 ஆக இருக்க வேண்டும். நாம் பேச்சு வழக்கில் 'கூட்டல் ஒரு மணி' என்றே சொல்வதால், சில தயாரிப்பாளர்கள் +60 என்று எழுதிவிட்டார்கள். இரண்டு வகை மீட்டர்களும் ஒரே திட்டத்தில் வந்து சேர்ந்தபோது, ஒரு வகையின் அரைமணி அளவுகள் முழுவதும் இரண்டு மணி நேரம் இடம்பெயர்ந்து பதிவாயின. மாத மொத்தம் சரியாகவே இருந்ததால் கட்டணப் பிரிவுக்கு ஐயம் எழவில்லை. ஒரு மின்மாற்றியின் கீழுள்ள மீட்டர்களின் அரைமணி அளவுகளைக் கூட்டி, மின்மாற்றியின் சொந்த மீட்டரோடு ஒப்பிட்டு இழப்பைக் கணக்கிட முயன்றபோதுதான், மாலையில் இழப்பு மிக அதிகமாகவும் பின்னிரவில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போனது தெரிந்தது. நாங்கள் முதலில் மின்திருட்டைத் தேடினோம், பிறகு மின்மாற்றி இணைப்புப் பதிவேட்டில் பிழை தேடினோம். ஒரு குறியின் தலைகீழ் மாற்றம் கடைசியில்தான் கண்ணில் பட்டது. தரநிலையின் அந்த வாக்கியத்துக்குக் கீழே ஒரே ஓர் எண் எடுத்துக்காட்டு அச்சிடப்பட்டு, சான்றளிப்புச் சோதனையில் அதுவும் ஒரு படியாக இருந்திருந்தால், அத்தனை மாத உழைப்பும் தேவைப்பட்டிருக்காது.

இதன் உறவினர் ஒருவரும் உண்டு: அரைமணிப் பதிவின் நேர முத்திரை அந்த இடைவெளியின் தொடக்கத்தைக் குறிக்கிறதா, முடிவைக் குறிக்கிறதா என்பது. மீட்டரிலிருந்து ஒரு தரநிலையில் வெளியேறி, அலுவலக அமைப்புக்குள் வேறொரு தரநிலையில் நுழையும்போது இது பல தடவை புரண்டிருக்கிறது. இப்போது எந்த இணைப்பிலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

சூரிய மின்சக்தி இன்வெர்ட்டர்களில் நிலைமை வேறு மாதிரி. அங்கே அடித்தளமாக இருப்பது 1979-இல் பிறந்த மாட்பஸ் என்னும் தொடர்பு நெறிமுறை. அதில் பதிவேடு எனப்படும் நினைவக இடத்தின் எண்ணும் அதற்குள் 16 பிட்டுகளும் மட்டுமே உண்டு, பொருள் என்று எதுவும் இல்லை. சன்ஸ்பெக் என்னும் தொழில்துறைக் கூட்டமைப்பு அந்த வெறும் பதிவேடுகளின் மேல் ஓர் ஒழுங்கைப் போர்த்தியது. தொடக்கத்தில் ஓர் அடையாளச் சொல், அதன்பின் மாதிரி எனப்படும் ஒவ்வோர் அளவுத் தொகுப்புக்கும் ஓர் எண்ணும் நீளமும், அளவுகளுக்குத் தனியே பெருக்க அடுக்கு என்று வரிசையாக அமைத்தது. புதிய இன்வெர்ட்டரை இணைக்க முன்பு வாரக்கணக்கில் கையேட்டோடு உட்கார்ந்திருப்போம். சன்ஸ்பெக் வந்தபின் பெரும்பாலும் ஒரே பிற்பகலில் முடிந்துவிடுகிறது. ஒரு கருவி தன்னிடம் இல்லாத அளவை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அது சொல்லியிருக்கிறது: குறியுள்ள 16 பிட் எண்ணுக்கு −32768, குறியற்றதற்கு 65535. ஒரு ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) மேம்படுத்தலுக்குப் பிறகு சில இன்வெர்ட்டர்கள் எதிர்வினைத் திறன் (reactive power) என்ற அளவைத் தருவதை நிறுத்திவிட்டு, விதிப்படி −32768 அனுப்பத் தொடங்கின. எங்கள் சேகரிப்பான் அதை உண்மையான அளவாக எடுத்துக் கூட்டிவிட்டது. இங்கே தவறு எங்களுடையது, தரநிலை தெளிவாகவே இருந்தது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அரைநாள்கூட ஆகவில்லை என்பதையும், மீட்டர் கடிகாரத்துக்கு ஆன மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

துணைமின்நிலையத்துக்கு வருகிறேன், என் மனத்துக்கு மிக நெருக்கமான ஐஇசி 61850 இங்கேதான் இருக்கிறது. இந்தத் தரநிலையில், மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கருக்கு எக்ஸ்சிபிஆர் என்றும், நேரஞ்சார் மிகைமின்னோட்டப் பாதுகாப்புக்குப் பிடிஓசி என்றும், அளவீட்டுக்கு எம்எம்எக்ஸ்யு என்றும் நிலையான பெயர்கள் இருக்கின்றன. நிலையத்தின் முழு அமைப்பும் கணினி படிக்கக்கூடிய கோப்பாகவே இருக்கிறது. கூஸ் எனப்படும் செய்திகள், பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ஒரு ரிலேயிலிருந்து இன்னொன்றுக்கு முன்பு செம்புக் கம்பியில் போன கட்டளைகளை ஈதர்நெட்டில் கொண்டுபோகின்றன. மிகக் கடுமையான வகுப்பில் அவை 3 மில்லிவினாடிக்குள் போய்ச் சேர வேண்டும். வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. செம்புக் கம்பி அறுந்திருந்தால், அது தேவைப்படும் கணம் வரை யாருக்கும் தெரியாது. கூஸ் செய்தியோ நிகழ்வு எதுவும் இல்லாதபோதும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அது நின்றவுடன் எதிர்முனை ரிலே எச்சரிக்கை தருகிறது. பாதுகாப்புப் பொறியாளர்கள் பல தலைமுறைகளாக விரும்பியது இது.

ஆனால் செம்புக் கம்பியில் இருந்த ஒரு வசதியை நாங்கள் இழந்தோம். ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் ஒரு ரிலேயை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால், சோதனை இணைப்பைத் திறந்துவிட்டால் போதும்; கம்பி பிரிந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். கூஸ் முறையில் அந்தப் பிரிப்பு மென்பொருளுக்குள் நடக்கிறது. 'நான் இப்போது சோதனை நிலையில் இருக்கிறேன்' என்ற ஒரு குறியோடு செய்தி போகும். பெறும் ரிலே அதைப் பார்த்துவிட்டு உண்மையான பிரேக்கரை இயக்காமல் இருக்க வேண்டும். முதல் பதிப்பில் இந்த நடத்தை போதிய அளவு வரையறுக்கப்படாததால், மூன்று நிறுவனங்களின் ரிலேக்கள் ஒரே குறியை மூன்று விதமாகப் புரிந்துகொண்டதை நானே பார்த்தேன். ஒன்று கட்டளையைப் புறக்கணித்தது; ஒன்று பதிவு செய்துவிட்டு இயங்காமல் இருந்தது; மூன்றாவது பிரேக்கரைத் திறந்தது. அது சோதனைக் கூடத்தில் நடந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இரண்டாம் பதிப்பு, அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் நிலைகளையும் வைத்து எப்போது இயங்க வேண்டும், எப்போது கூடாது என்று தெளிவாக்கியது. சோதனைக் கருவியிலிருந்து வரும் செய்தியை உண்மைச் செய்தியிலிருந்து பிரித்தறியத் தனிக் குறியும் வந்தது. இரண்டாம் பதிப்புக் கருவிகள் மட்டுமே உள்ள நிலையத்தில் நான் நம்பிக்கையோடு கைவைக்கிறேன். இரண்டும் கலந்த நிலையங்களில் இன்றும் பழைய முறைப்படி, பிரேக்கருக்குப் போகும் கடைசிக் கம்பியைக் கண்ணெதிரே பிரித்துவிட்டே தொடங்கச் சொல்கிறேன்.

இந்தத் தரநிலையின் பயனர்கள் கண்டெடுத்த தெளிவின்மைகளை வெளிப்படையாகப் பதிவு செய்து, அவற்றுக்குத் தரப்பட்ட தீர்வையும் எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். வேறெந்தத் தரநிலையிலும் எனக்கு இவ்வளவு உதவிய பகுதி இல்லை. கருவிகளை அமைக்கும் மென்பொருள்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நிலையக் கோப்பு பொதுவானது என்றாலும், ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் திறந்து சேமித்தால் மற்றவர் எழுதிய தனிப் பகுதிகள் காணாமல் போகின்றன. எனவே ஒவ்வொரு சேமிப்புக்குப் பிறகும் பழைய கோப்போடு வரிவரியாக ஒப்பிடுவது எங்கள் பழக்கம்.

மின்கட்டமைப்பின் உறுப்புகளை எல்லா அலுவலக மென்பொருள்களும் ஒரே விதமாக விவரிக்க உதவும், சிஐஎம் எனப்படும் பொதுத் தகவல் மாதிரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். ஐஇசி 61970, 61968 ஆகியவற்றின் அடிப்படையான அது மெதுவாகப் பலன் தரும். முதல் இரண்டு ஆண்டுகள் செலவு மட்டுமே தெரியும். ஒரே மின்மாற்றிக்கு மூன்று துறைகள் மூன்று பெயர் வைத்திருந்த நிலை மாறி, ஒரே அடையாள எண் நிலைபெற்ற பிறகு அதன் அருமை தெரியும்.

பல முகமைகள் ஒன்றுகூடி இவற்றை ஒழுங்குபடுத்திய வரலாறும் பயனரைத் தொடுகிறது. அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம், ஸ்மார்ட் கிரிட் தரநிலைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பை நிஸ்ட் என்னும் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்திடம் கொடுத்தது. அதன் முதல் சட்டகம் 2010 ஜனவரியில் வெளிவந்தது. நிஸ்ட் முன்வைத்த ஐந்து தரநிலைத் தொகுதிகளில் ஐஇசி 61850-உம் ஒன்று. அவற்றை விதியாக்கும் அளவுக்குப் போதிய ஒருமித்த கருத்து இல்லை என்று ஃபெடரல் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2011 ஜூலையில் தீர்மானித்தது. அன்று அது எனக்குப் பின்னடைவாகத் தெரிந்தது. சோதனைக் குறி விவகாரத்தைப் பார்த்த பிறகு, முதல் பதிப்பு கட்டாயமாக்கப்படாதது நல்லதே என்று எண்ணுகிறேன். ஐரோப்பிய ஆணையத்தின் எம்/490 கட்டளையிலிருந்து பிறந்த ஐந்தடுக்கு மாதிரியை ஒவ்வொரு திட்டத்திலும் சுவரில் வரைந்து வைக்கிறேன்: வணிகம், செயல்பாடு, தகவல், தொடர்பு, கருவி. எங்கள் கோளாறுகளை அதில் குறித்துக்கொண்டே வந்ததில், தொடர்பு அடுக்கில் நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவும், தகவல் அடுக்கில் மிக அதிகமாகவும் புள்ளிகள் குவிந்தன. செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதன் பொருள்தான் வழியில் மாறிவிடுகிறது.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்றும் மனக்குறை. கூரைச் சூரியத் தகடுகள் போன்ற பரவலாக்கப்பட்ட மின்னுற்பத்திக்கான, ஐஇஇஇ என்னும் பொறியாளர் அமைப்பின் 1547 தரநிலையின் 2018 பதிப்பு பெரிய முன்னேற்றம். மின்னழுத்தத்தைத் தானாகச் சீர்செய்யக் கூடாது என்று 2003-இல் சொன்ன அதே தரநிலை, இப்போது மின்னழுத்தம் சற்றுத் தடுமாறினாலும் கட்டமைப்போடு நின்று உதவும் திறனைக் கோருகிறது. ஆனால் தொடர்பு வழியாக ஐஇஇஇ 2030.5, டிஎன்பி3, சன்ஸ்பெக் மாட்பஸ் ஆகிய மூன்று நெறிமுறைகளில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்றது. அந்தச் சமரசத்தின் காரணம் புரிகிறது. ஆயினும் மூன்றுக்கும் நெறிமுறை மாற்றும் நுழைவாயில் கருவிகள் (gateway) வாங்கி, மூன்றையும் சோதித்து, மூன்றின் பாதுகாப்புச் சான்றிதழ்களையும் புதுப்பித்து வருவது எங்கள் வேலையாயிற்று. நிஸ்ட் 2021-இல் வெளியிட்ட நான்காம் சட்டகம், தரநிலைகளின் விருப்பத் தேர்வுகளைக் குறுக்கி, குறிப்பிட்ட பயனுக்கென வரையப்பட்ட இணைந்தியங்கல் விவரக்குறிப்புகளை (profiles) வலியுறுத்தியபோது, எங்கள் தேவையை யாரோ கேட்டுவிட்டார்கள் என்றே உணர்ந்தேன்.

இப்போது கொள்முதல் ஆவணத்தில் 'இன்ன தரநிலைக்கு இணங்க' என்ற ஒற்றை வரியை நாங்கள் ஏற்பதில்லை. தரநிலை விருப்பத்துக்கு விட்ட ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டம் உள்ள அட்டவணை இருக்கிறது. அதைத் தயாரிப்பாளர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். கடிகார வேறுபாட்டின் குறி அதில் முதல் வரி. அலுவலகத்தின் பின்னறையில் ஒரு சோதனை மேசையும் இருக்கிறது. களத்தில் உள்ள ஒவ்வொரு மீட்டர் வகையிலும், ஒவ்வொரு ஃபர்ம்வேர் பதிப்பிலும் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருக்கும். புதிய பதிப்பு எதுவானாலும் அந்த மேசையில் ஒரு மாத இறுதியைக் கடந்து, அதன் அரைமணி அளவுகளின் கூட்டுத்தொகை மேசையின் தலைமை மீட்டரோடு ஒவ்வோர் அரைமணியிலும் பொருந்திய பிறகே வெளியே போகிறது.