ஆலப்புழா ஹவுஸ்போட்டா, இங்கிலாந்து நேரோபோட்டா? ரெண்டுலயும் போயிட்டு வந்து சொல்றேன்

முதல்ல ஒரு விஷயத்தை உடைச்சு சொல்லிடறேன். ஆலப்புழால நீங்க விருந்தாளி. இங்கிலாந்து கால்வாய்ல, நேரோபோட்ங்கற ஒல்லியான படகுல, நீங்கதான் டிரைவர், கிளீனர், சமையல்காரர், கடைசி நாள் பெருக்கித் துடைக்கறவரும் நீங்கதான். இது தெரியாம "போட்ல போய் ஜாலியா நாலு நாள்"னு ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சு விலை மட்டும் கம்பேர் பண்றவங்கதான் அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறாங்க.

நாங்க போன வருஷம் ஜனவரில ஆலப்புழா போனோம், ஜூன்ல தம்பி வீட்டுக்கு பர்மிங்ஹாம் போனப்ப அங்கேருந்து போய் நேரோபோட் எடுத்தோம். ஆளுங்க அதே ஆளுங்கதான்: நான், எங்க வீட்டுக்காரர், பன்னெண்டு வயசுப் பையன், எழுபத்தி நாலு வயசு மாமியார். அங்க தம்பியும் சேர்ந்துக்கிட்டான், அதனாலதான் பொழைச்சோம்.

ஆலப்புழா போறது ஒண்ணும் கஷ்டமில்ல, ராத்திரி சென்ட்ரல்ல ரயில் ஏறினா மறுநாள் காலைல அங்க. கஷ்டம் சரியான படகு புடிக்கறதுலதான். நாங்க சென்னைல இருந்தே ஒரு ஏஜென்ட் மூலமா புக் பண்ணோம், போட்டோல பார்த்த படகு ஒண்ணு, ஜெட்டில நின்னது வேற ஒண்ணு, கேட்டா "அது சர்வீஸ்ல இருக்கு மேடம், இது அதைவிட பெருசு"ங்கறாங்க. பெருசுதான், ஆனா மெத்தைல பழைய ஈர வாடை. அப்புறம் ஏசி. "ஏசி படகு"ன்னா நாள் பூரா ஏசின்னு நினைச்சுக்காதீங்க, நிறைய படகுல ராத்திரி ஒம்பதுலேருந்து காலைல ஆறு வரைக்கும்தான் போடுவாங்க, பகல்லயும் வேணும்னா அது தனி ரேட். இதை முன்னாடியே வாயைத் திறந்து கேட்டுக்கணும். நான் கேட்கல.

இன்னொரு கணக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. மத்தியானம் பன்னெண்டுக்கு ஏத்திக்கிட்டு மறுநாள் காலைல ஒம்பதுக்கு இறக்கி விடுவாங்க, அதை நாம ஒரு முழு நாள்னு நினைச்சு காசு குடுக்கறோம். ஆனா சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் படகைக் கரைல கட்டிடணும், ஏன்னா அதுக்கு மேல மீன்காரங்க வலை போடற நேரம். நடுவுல சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிறுத்துவாங்க. ஆக மொத்தம் படகு ஓடறது நாலு, அஞ்சு மணி நேரம். மீதி நேரம் கட்டிப் போட்ட படகுல நீங்க, கொசு, பக்கத்துப் படகு ஸ்பீக்கர். எங்களுக்கு வாய்ச்ச பக்கத்துப் படகுல ஒரு காலேஜ் செட்டு, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் குத்துப்பாட்டு. அத்தை காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு படுத்தாங்க.

சரி, குறையா சொல்லிட்டு இருக்கேன், நல்லதும் சொல்லணும்ல. கைனகரி பக்கம் போகும்போது படகு மேல உக்காந்து இருக்கேன், ரெண்டு அடி அகல வரப்பு, அதுக்கு அந்தப் பக்கம் வயல், அந்த வயல் எங்க படகு மிதக்கற தண்ணியை விட கீழ இருக்கு. கொக்கு நிக்குது, அதோட முதுகை மேலேருந்து பார்க்கறேன். குட்டநாடு கடல் மட்டத்துக்கு கீழ விவசாயம் பண்ற ஊருன்னு படிச்சிருக்கேன், ஆனா கொக்கு முதுகைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. அத்தை ஊர் மன்னார்குடி பக்கம், அவங்களுக்கு இதைப் பார்த்து ஆறல, "தண்ணி உள்ள வந்துட்டா?"ன்னு படகுக்காரரை நாலு தடவை கேட்டாங்க. அவர் பம்ப் வெச்சு வெளிய இறைப்பாங்கன்னு பொறுமையா நாலு தடவையும் சொன்னார்.

சாப்பாட்டைப் பத்தி தனியா சொல்லணும். சமையல்காரர் படகுலயே இருக்கார், மட்டை அரிசிச் சோறு, கரிமீன் பொள்ளிச்சது, தோரன்னு தட்டு நிறைய வருது, நீங்க கை கழுவிட்டு உக்காந்தா போதும். வெங்காயம் பூண்டு சேர்க்காதவங்க யாராவது வந்தா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, ஏறினப்புறம் சொன்னா தயிரும் அப்பளமும்தான். வழில மீன்கடைல நிறுத்தி "பெரிய எறால் வாங்கறீங்களா"ம்பாங்க, வாங்குங்க, ஆனா கிலோ விலை என்ன, சமைச்சுத் தர தனிக் காசு உண்டான்னு ரெண்டையும் கேட்டுட்டு பையைத் திறங்க.

இப்ப இங்கிலாந்து கதைக்கு வரேன். நேரோபோட்னா ஏழு அடிக்குக் கொஞ்சம் கம்மியான அகலம், நீளம் மட்டும் அம்பது, அறுபதுன்னு போகும், எழுபத்திரண்டு அடி வரைக்கும்கூட உண்டு. நம்ம ரயில் பெட்டியை நீளவாக்குல பொளந்து பாதியைத் தண்ணில விட்ட மாதிரி. உள்ள ஒருத்தர் நடந்தா இன்னொருத்தர் ஒதுங்கணும். படுக்கை, அடுப்பு, குட்டி பாத்ரூம், ஷவர் எல்லாம் இருக்கு. ஓட்டறதுக்கு லைசென்ஸ் எதுவும் கேட்க மாட்டாங்க, ஒரு ஆள் வந்து ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்துட்டு சாவியைக் குடுத்துட்டுப் போயிடுவார். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.

பின்னாடி நின்னுக்கிட்டு டில்லர்னு ஒரு கம்பியைப் புடிச்சு ஓட்டணும். கம்பியை இடது பக்கம் தள்ளினா படகோட மூக்கு வலது பக்கம் போகும். பிரேக் கிடையாது, நிறுத்தணும்னா ரிவர்ஸ் போடணும், போட்டாலும் உடனே நிக்காது. எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா ஓஎம்ஆர்ல கார் ஓட்டறவர், "இதெல்லாம் ஒரு விஷயமா"ன்னு ஆரம்பிச்சார், முதல் பத்து நிமிஷத்துல நேரா புதருக்குள்ள விட்டார். மணிக்கு நாலு மைல்தான் அதிகபட்ச வேகம், அதனால அடி ஒண்ணும் படல, மானம்தான் போச்சு. கரையோரம் கட்டியிருக்கற படகுங்களைத் தாண்டும்போது அந்த நாலு மைல்கூட ஆகாது, இன்னும் குறைக்கணும், இல்லைன்னா அலைல அவங்க கயிறு புடுங்கிக்கும், உள்ளேருந்து தலை நீட்டி ஒரு பார்வை பார்ப்பாங்க.

லாக்தான் மெயின் மேட்டர். மேட்டுல ஏற, இறங்க, கால்வாய்ல அங்கங்க தொட்டி மாதிரி கட்டி ரெண்டு பக்கமும் கதவு வெச்சிருக்காங்க. மேல ஏறணும்னா காலித் தொட்டிக்குள்ள படகை விட்டுட்டு பின் கதவை மூடறோம், அப்புறம் விண்ட்லஸ்னு ஒரு இரும்புக் கைப்பிடியை மாட்டி சுத்தினா மதகு திறந்து மேல்பக்கத் தண்ணி உள்ள வருது, படகு மெதுவா எழும்புது, மட்டம் சரியானதும் முன் கதவு தானா இளகும், முதுகைக் குடுத்துத் தள்ளணும். மட்டம் சரியாகறதுக்கு முன்னாடி நாலு பேர் தள்ளினாலும் கதவு அசையாது. ஒரு லாக்குக்கு சுமார் கால் மணி நேரம். இதெல்லாம் அங்க யாரோ ஆள் வந்து பண்ணுவாங்கன்னு நினைக்காதீங்க, நாமதான் இறங்கி ஓடணும். கீழ இறங்கும்போது மட்டும் ஒரு ஆபத்து இருக்கு, பின்பக்கம் தண்ணிக்கு அடில ஒரு படி நீட்டிக்கிட்டு இருக்கும், படகோட வால் அது மேல மாட்டிக்கிச்சுன்னா தண்ணி இறங்க இறங்க முன்பக்கம் கவுந்துடும். சுவர்ல வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க, வால் அந்தக் கோட்டுக்கு முன்னாடியே இருக்கணும். ஓட்டறவர் அந்தக் கோட்டை விட்டு கண்ணை எடுக்கக் கூடாது, போட்டோ எடுக்கறது எல்லாம் அப்புறம்.

எங்க பையன் ரெண்டாவது லாக்ல விண்ட்லஸை தண்ணில போட்டுட்டான். ப்ளக்னு ஒரு சத்தம், அவ்ளோதான். இன்னொண்ணு இருந்துச்சு, தொலைஞ்சதுக்கு கடைசில காசு கட்டினோம். எப்பவும் ரெண்டு இருக்கான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க.

ரூட் போட ஒரு சுலபமான கணக்கு இருக்கு. எத்தனை மைல், எத்தனை லாக், ரெண்டையும் கூட்டி மூணால வகுத்தா மணி நேரம் கிடைக்கும். நாங்க எல்ஸ்மியர்ங்கற ஊர்ல இருந்து வேல்ஸ்ல இருக்கற லாங்கோலன் போயிட்டுத் திரும்பினோம், போக வர சுமார் நாப்பது மைல், நாலு லாக், அப்ப கிட்டத்தட்ட பதினஞ்சு மணி நேரம், நாலு ராத்திரிக்கு அளவா இருந்துச்சு. புதுசா போறவங்க வார்விக் பக்கம் ஹாட்டன்ல வரிசையா இருபத்தியொரு லாக், டிவைசஸ்ல இருபத்தொம்பது லாக், அந்தப் பக்கமெல்லாம் முதல் தடவையே தலையைக் குடுக்காதீங்க.

லாங்கோலன் போற வழிலதான் பொன்ட்கசுல்தே பாலம். 1805ல தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டினது, கால்வாயையே இரும்புத் தொட்டில ஊத்தி 38 மீட்டர் உயரத்துல பள்ளத்தாக்குக்கு மேல கொண்டு போறாங்க, 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. ஒரு பக்கம் நடைபாதை, கைப்பிடிக் கம்பி. இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல, தொட்டி விளிம்பு, அதுக்கு அப்பால காத்து. அத்தை ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு "முருகா"ன்னு உக்காந்துட்டாங்க, தாண்டற வரைக்கும் எழுந்திருக்கல. ஆலப்புழால வயலைப் பார்த்து பதறினவங்க, இங்க ஒரு நதியையே கீழ பார்த்தா என்ன பண்ணுவாங்க.

சமையல் நாமளேதான். கேஸ் அடுப்பு இருக்கு, குக்கர் இருந்தா எடுத்துட்டுப் போங்க, மிக்ஸியை மறந்துடுங்க, படகு பேட்டரி அதையெல்லாம் தாங்காது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், இவ்ளோ போதும். முதல் நாள் ரசத்துக்கு மிளகாய் கிள்ளிப் போட்டு தாளிச்சேன், புகை அலாரம் கத்தின கத்துல கரைல நின்ன வாத்தெல்லாம் பறந்துடுச்சு. அதுக்கப்புறம் ஜன்னல், கதவு எல்லாத்தையும் திறந்து வெச்சுட்டுதான் கடுகையே தொட்டேன்.

டாய்லெட் பத்தி கேட்க கூச்சப்படாதீங்க, புக் பண்ணும்போதே கேளுங்க. ஒண்ணு பம்ப் வெச்சு உறிஞ்சற டேங்க், இன்னொண்ணு கேசட், சூட்கேஸ் மாதிரி இழுத்துட்டுப் போய் அதுக்குன்னு இருக்கற இடத்துல நாமளே கொட்டணும். எங்களுக்கு வந்தது கேசட். யார் கொட்டறதுன்னு வீட்டுக்காரரும் தம்பியும் டாஸ் போட்டாங்க, அதுக்கு மேல விவரிக்க வேண்டாம். ஆலப்புழால இந்தத் தொல்லை நமக்கு இல்ல, ஆனா அந்தக் கழிவு எங்க போகுதுன்னு படகுக்காரரைக் கேட்டுப் பாருங்க, முறையா டேங்க் இருக்கறவங்க பட்டுன்னு பதில் சொல்வாங்க.

காசு விஷயம். ஆலப்புழால ரெண்டு ரூம் படகுக்கு சாப்பாட்டோட பதினாறாயிரம் குடுத்தோம், ஒரு ராத்திரிக்கு. இங்கிலாந்துல நாலு ராத்திரிக்கு ஆயிரம் பவுண்டு கிட்ட, டீசல் தனி, சாப்பாடு நாமளே. விசா, ஃப்ளைட் எல்லாம் சேர்த்தா ஒப்பிடவே முடியாது, அதனால படகுக்காகவே இங்கிலாந்து போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே பொண்ணு, தம்பி யாராவது அங்க இருந்து, போகப் போறீங்கன்னா, லண்டன்ல க்யூல நிக்கற நாலு நாளை வெட்டி இதுக்குக் குடுங்க.

பாதுகாப்புல மட்டும் நான் கறார். 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு நம்ம பழவேற்காட்டுல படகு கவுந்து 22 பேர் போனாங்க, 2023 மே மாசம் கேரளா தானூர்லயும் அளவுக்கு மீறி ஆள் ஏத்தின படகுல 22 பேர். ஆலப்புழால ஏறும்போதே லைஃப் ஜாக்கெட் எண்ணிக்கை பாருங்க, லைசென்ஸ் கேளுங்க, முகம் சுளிச்சா இறங்கிடுங்க, அங்க படகுக்கா பஞ்சம். இங்கிலாந்து கால்வாய் பல இடத்துல இடுப்பளவுதான், ஆனா லாக் ஆழம், குளிரும் ஜாஸ்தி, எங்க பையனை லைஃப் ஜாக்கெட் இல்லாம வெளியவே வர விடல.

சொந்தமா படகு வாங்கற ஆசை சிலருக்கு வருது, தம்பிக்கும் வந்துடுச்சு. அங்க கால்வாய்ங்களை 2012லேருந்து கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்னு ஒரு அமைப்பு பார்த்துக்குது, அவங்ககிட்ட படகுக்கு லைசென்ஸ் எடுக்கணும், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பு சர்டிஃபிகேட், இன்ஷூரன்ஸ், அடிப்பக்கம் ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கறுப்புப் பெயின்ட், நிரந்தரமா கட்ட இடம் இல்லைன்னா பதினாலு நாளைக்கு மேல ஒரே இடத்துல நிக்கக் கூடாது. "வேலைக்கு தினமும் எப்படிடா போவே?"ன்னு கேட்டேன், அதோட அந்தப் பேச்சு நின்னுச்சு.

எனக்கு வயித்தெரிச்சல் வேற இடத்துல. தினமும் திருமயிலை ஸ்டேஷன்ல இறங்கறேன், கீழ ஓடறது பக்கிங்காம் கால்வாய். 1806ல வெட்ட ஆரம்பிச்சு, ஆந்திரால இருந்து மரக்காணம் வரைக்கும் படகு போன கால்வாய், இதுலயும் லாக் எல்லாம் இருந்துச்சு, விறகும் உப்பும் ஏத்திக்கிட்டு படகு ஊருக்குள்ள வரும்னு தாத்தா சொல்லுவார். இப்ப தூண் நட்டு அது மேல ரயில் போகுது, நாம மூக்கைப் புடிச்சுக்கிட்டு படியேறறோம்.

ஆக, வயசானவங்க, கைக்குழந்தை, வேலை செஞ்சு அலுத்துப் போனவங்க இருந்தா ஆலப்புழாதான், பேச்சே இல்ல. ஆனா ஆன்லைன்ல போட்டோ பார்த்து முழுப் பணம் கட்டாதீங்க, சீசன் இல்லாத நாள்ல காலைல புன்னமடை ஃபினிஷிங் பாயின்ட் படகுத்துறைக்கு நேர்ல போய், பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்து, மெத்தையை மோந்து பார்த்து பேரம் பேசுங்க. பெரிய படகு சின்ன கால்வாய்க்குள்ள போகாது, அதுக்கு மறுநாள் ஒரு சின்ன வள்ளம் எடுங்க. பட்ஜெட் இடிச்சா ஆலப்புழா-கோட்டயம் அரசுப் படகு இருக்கு, சில பத்து ரூபாய்ல அதே காயலைத்தான் காட்டும். கை துறுதுறுன்னு இருக்கற பசங்க, தெம்பா ரெண்டு பெரியவங்க, இப்படி ஒரு செட்டு அமைஞ்சா நேரோபோட். ரெண்டே பேரா போனா ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் லாக் திறக்கன்னு பொழுது போயிடும், சண்டையும் வரும்.

வர்ற ஜனவரிக்கு அத்தை ஓட்டு ஆலப்புழாவுக்கு, டிக்கெட்டும் போட்டாச்சு. பையன் மட்டும் "அங்க லாக் இருக்கா?"ன்னு கேட்டுட்டு இருக்கான்.