மஸ்டாங்கா இன்டெக்ராவா, கமேரோவா சுப்ராவா?

அமெரிக்காவில் வேகக் கார் பிரியர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு வி8 (வி வடிவ எட்டு சிலிண்டர் இன்ஜின்) தவிர வேறெதுவும் இன்ஜினே இல்லை. மறு கட்சியோ, 1.8 லிட்டரில் 170 ஹெச்.பி. எடுக்கும் ஹோண்டாவைக் காட்டி, 5 லிட்டரில் 225 எடுப்பதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்கும். 1990-களில் தெற்கு கலிஃபோர்னியாவில் இறக்குமதி கார்களுக்கென்றே தனி டிராக் (drag, நேர்க்கோட்டு) பந்தயங்கள் வளர்ந்த காலத்துச் சண்டை இது, இன்னும் ஓயவில்லை. இரண்டு பக்கமும் தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் மல்லுக்கட்டுகின்றன. லிட்டருக்கு எத்தனை ஹெச்.பி. என்பது காரை நகர்த்தாது. இன்ஜின் எத்தனை கன அங்குலம் என்பதும் நகர்த்தாது. பார்க்க வேண்டியவை இரண்டு: சக்கரத்துக்கு எவ்வளவு டார்க் (திருப்புவிசை) வந்து சேர்கிறது, அதைக் கூட்டினால் அடுத்து எது உடையும்.

'சொந்த நாட்டுத் தயாரிப்பு' என்ற வாதத்தை முதலிலேயே ஓரம்கட்டிவிடலாம். ஹோண்டா சிவிக் செடான், கூபே பலவும் ஒஹாயோ மாநிலத்து ஈஸ்ட் லிபர்ட்டியில் செய்தவை. மிட்சுபிஷி எக்லிப்ஸ் இல்லினாய் மாநிலத்து நார்மல் நகரில் தயாரானது. 'உள்நாட்டு' கமேரோவோ 1993 முதல் 2002 வரை கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செய்யப்பட்டது. 2004-06 போன்டியாக் ஜிடிஓ ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தது.

ஃபாக்ஸ் பாடி மஸ்டாங் 5.0 எதிர் இன்டெக்ரா ஜிஎஸ்-ஆர்

1987-92 ஃபோர்டு மஸ்டாங் 5.0 ('ஃபாக்ஸ்' என்பது அதன் பாடி வகையின் பெயர்): 225 ஹெச்.பி., ஏறக்குறைய 3,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்குச் சுழற்சி) 407 நியூட்டன் மீட்டர். 1994-2001 ஹோண்டா இன்டெக்ரா ஜிஎஸ்-ஆரின் பி18சி1 இன்ஜின்: 7,600-இல் 170 ஹெச்.பி., 6,200-இல் 173 நியூட்டன் மீட்டர். டார்க்கில் பாதிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் கியர்களைக் கணக்கில் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். ஜிஎஸ்-ஆரின் முதல் கியர் 3.23, ஃபைனல் டிரைவ் 4.40, பெருக்கினால் 14.2. உராய்வு இழப்பை விட்டுவிட்டால் சக்கரத்தில் சுமார் 2,460 நியூட்டன் மீட்டர். மஸ்டாங்கின் டி5 கியர்பாக்ஸில் முதல் கியர் 3.35, பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் பெரும்பாலும் 2.73, பெருக்கினால் 9.15. சக்கரத்தில் சுமார் 3,720. எடை ஜிஎஸ்-ஆருக்கு 1,210 கிலோ, மஸ்டாங்குக்கு 1,450 கிலோ அளவில். கிலோவுக்கு 2.0 எதிர் 2.6. அதுவும் ஹோண்டா தன் உச்சத்தை 6,200-இல்தான் தரும், மஸ்டாங் கிளட்சை விட்டதுமே தரும். சிக்னலில் யார் முந்துவார் என்பதில் சந்தேகமே இல்லை.

ஹோண்டாவின் வித்தை வேறிடத்தில் இருக்கிறது. முதல் கியரில் 8,000 வரை இழுத்து இரண்டாவதுக்கு (1.90) மாற்றினால் ஊசி சுமார் 4,700-இல் விழும். வால்வுகளைத் திறக்கும் கேம் இதில் சின்னது, பெரியது என இரண்டு; விடெக் அமைப்பு பெரிய கேமுக்கு மாறுவது 4,400 அளவில், ஆகவே இன்ஜின் பெரிய கேமிலேயே நிற்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு (1.36) மாற்றினால் 5,700-இல் விழும். இன்டேக் மேனிஃபோல்டின் (காற்றை இன்ஜினுக்குள் அனுப்பும் குழாய்களின்) இரண்டாம் வழி திறப்பதும் ஏறத்தாழ அங்கேதான். பொறியாளர்கள் யோசித்து வைத்த அழகு இது. 7,000-இலேயே கியர் மாற்றும் ஓட்டுநர் 4,100-க்கு இறங்கி, சின்ன கேமில் திணறிவிட்டு, கார் இழுக்கவில்லை என்பார். பிழை காரில் இல்லை. அதே சமயம் 8,000-இல் தப்பான கியர் போட்டால் மன்னிப்பே கிடையாது: மூன்றிலிருந்து நான்குக்குப் பதில் இரண்டில் விழுந்தால் இன்ஜின் 11,000-ஐத் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். பழைய ஜிஎஸ்-ஆர் வாங்குபவர் கம்ப்ரஷன் சோதனையோடு, நான்கு சிலிண்டரிலும் காற்றைச் செலுத்திக் கசிவும் பார்ப்பது இதனால்தான். வால்வு இடைவெளியைக் குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.15-0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.17-0.21 மி.மீ. என்று வைக்க வேண்டும்.

மஸ்டாங்கில் முதல் செலவு இன்ஜினுக்கு வேண்டாம், பின் ஆக்ஸிலுக்குப் போகட்டும். 2.73-ஐ எடுத்துவிட்டு 3.73 போட்டால், இன்ஜினில் ஒரு போல்ட்டையும் தொடாமல் சக்கர டார்க் 5,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். 8.8 அங்குல ஆக்ஸிலில் இது ஒருநாள் வேலை, ஆனால் அளவுகள் பிசகக் கூடாது. பினியனின் (ரிங் கியரை ஓட்டும் சிறு கியரின்) ஆழத்தை ஷிம் வைத்துச் சரிசெய்து, பேக்லாஷ் (பற்களுக்கிடையே உள்ள தளர்வு) 0.20-0.38 மி.மீ.க்குள் வந்ததை டயல் கேஜில் பார்த்து, பற்களில் சாயம் தடவிப் பதிவு நடுவில் விழுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இதைத் தவிர்த்தால் நெடுஞ்சாலையில் ஊளைச் சத்தம், பிறகு பேரிங் போகும். டிராக்ஷன்-லாக் டிஃபரன்ஷியலின் கிளட்ச் தட்டுகளுக்கான ஃபிரிக்ஷன் மாடிஃபையரையும் எண்ணெயோடு ஊற்ற வேண்டும், மறந்தால் திருப்பத்தில் பின்பக்கம் அதிரும். ஸ்பீடோமீட்டரின் சின்ன பிளாஸ்டிக் கியரையும் மாற்றாவிட்டால் காட்டும் வேகம் பொய்.

அடுத்தது இக்னிஷன் டைமிங். ஸ்பவுட் கனெக்டரை (கம்ப்யூட்டரின் டைமிங் சமிக்ஞை போகும் இணைப்பை) கழற்றிவிட்டு டைமிங் லைட்டில் பார்த்தால் கம்பெனி வைத்தது 10 டிகிரி. பிரீமியம் பெட்ரோலில் 13, 14 வரை வைக்கலாம். பின்பு கனெக்டரைத் திரும்பச் செருக வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் டைமிங்கைத் தொடவே தொடாது. கேம் மாற்றும் எண்ணம் இருந்தால் 1989-93 கார்தான் வாங்க வேண்டும். பெரும்பாலான 1986-88 கார்களில் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. பெரிய கேம் அந்த அழுத்தத்தைக் கலைத்துவிட, ஐடிலில் இன்ஜின் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

உடையும் வரிசையும் தெரிந்ததே. டி5-இன் மூன்றாம் கியர் முதலில். ஸ்லிக் டயர் (பள்ளமில்லாத பந்தய டயர்) போட்டு ஸ்டார்ட்டில் உதைத்தால், பின் கீழ்க் கைகள் பிடித்திருக்கும் டார்க் பாக்ஸ் தகடு கிழியும். சப்ஃபிரேம் கனெக்டரை (முன், பின் அடிச்சட்டங்களை இணைக்கும் சட்டத்தை) முழு நீளத்துக்கும் வெல்டு செய்து, டார்க் பாக்ஸுக்கும் தகடு போட்டபிறகுதான் மற்றதெல்லாம். 28 ஸ்ப்லைன் ஆக்ஸில் தண்டு உடைந்தால் இன்னும் ஆபத்து: தண்டைப் பிடித்திருப்பது உள்முனையில் ஒரு சி-கிளிப் மட்டுமே, ஆகவே சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிடும். 500 ஹெச்.பி.க்கு மேல் போனால் பிளாக்கே நீளவாக்கில் பிளக்கும். வார்ப்பு மெலிது, பிஸ்டன் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

ஹோண்டாக்காரர்கள் டர்போவை நாடியது இதே கணக்கில் ஈடுகட்டத்தான். 1992-95 சிவிக் ஹேட்ச்பேக்கில் ஜிஎஸ்-ஆர் இன்ஜின் மவுன்ட்டோடு பொருந்தும். இன்டெக்ராவின் ஹைட்ராலிக் கியர்பாக்ஸ், ஷிஃப்ட் கம்பிகள், டிரைவ் ஷாஃப்ட்கள், பி72 கம்ப்யூட்டர் வேண்டும். விடெக் இல்லாத சிவிக்காக இருந்தால் விடெக் சோலனாய்டு, அழுத்த சுவிட்ச், நாக் சென்சார், இன்டேக் இரண்டாம் வழி ஆகியவற்றுக்கு வயர் இழுக்க வேண்டும். 10:1 கம்ப்ரஷனில் பம்ப் பெட்ரோலுக்கு 0.5 பார் பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) போதும். பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் ஏற்றிவிடும் மலிவான ரெகுலேட்டரை நம்பி நிமிடத்துக்கு 240 சிசி தரும் இன்ஜெக்டரிலேயே ஓட்டியவர்கள்தான் பிஸ்டனின் ரிங் விளிம்பை உடைத்தவர்கள். 440 சிசி இன்ஜெக்டரும் முறையான மேப்பும் (கம்ப்யூட்டரின் எரிபொருள் அட்டவணையும்) போட்ட வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆனால் சிலிண்டர்களின் மேல்முனைக்குச் சுற்றிலும் பிடிமானம் இல்லை, ஆகவே பூஸ்ட் ஏற ஏற அவை ஆடி, ஹெட் கேஸ்கெட்டைத் தின்னும்.

டர்போ கொடுத்தாலும் ஒரு விதியை மாற்ற முடியாது. புறப்படும்போது எடை பின்னால் சாயும். மஸ்டாங்கில் அது இழுக்கும் சக்கரத்தை அழுத்துகிறது, சிவிக்கில் இழுக்கும் சக்கரத்தைத் தூக்குகிறது. அமெரிக்க ஜிஎஸ்-ஆருக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுப்பது) இல்லை, டைப்-ஆருக்குத்தான் உண்டு. எனவே ஹோண்டாவில் டர்போவுக்கு முன்னால் வாங்க வேண்டியது அந்த வகை ஹெலிகல் டிஃபரன்ஷியல்.

வளைவுக்கு வந்தால் கதை தலைகீழ். நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் தனித்தனிக் கைகள்) கொண்ட ஹோண்டா, ஓட்டுநர் சொன்ன இடத்துக்குப் போகும். ஃபாக்ஸ் மஸ்டாங்கின் பின்பக்கமோ சாய்ந்த மேல் கைகள் கொண்ட ஒற்றை ஆக்ஸில். உடல் சாயும்போது அந்தக் கைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ள, பின்பக்கம் சட்டென்று வழுக்கும். ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்தும் பேன்ஹார்ட் ராடும் டார்க் ஆர்மும் போட்டு, பின் டிரம்களைக் கழற்றி ஐந்து போல்ட் டிஸ்க்குக்கு மாற்றும் செலவில், நல்ல டயரும் பிரேக் பேடும் போட்ட ஜிஎஸ்-ஆர் ஒரு முழுப் பருவமும் டிராக் ஓடிவிடும். வளைவுகளை விரும்புபவர் மஸ்டாங் வாங்குவது பணத்தை வீணாக்குவது. கால் மைல் நேர்க்கோட்டை விரும்புபவர் ஹோண்டா வாங்குவதும் அப்படித்தான்.

எல்எஸ்1 கமேரோ எதிர் சுப்ரா டர்போ

மேல்தட்டுப் போட்டி இது. 1998-2002 செவ்ரோலே கமேரோ இசட்28: 5.7 லிட்டர் எல்எஸ்1, கணக்கில் 305 முதல் 310 ஹெச்.பி., உண்மையில் அதைவிட அதிகம். அமெரிக்கச் சந்தைக்கான டொயோட்டா சுப்ரா டர்போ: 3 லிட்டர் ஆறு சிலிண்டர் 2ஜேஇசட்-ஜிடிஇ, இரட்டை டர்போ, 320 ஹெச்.பி. கம்பெனி நிலையில் கால் மைலில் இரண்டுமே 13 விநாடிக்காரர்கள்.

சுப்ராவின் புகழ் அதன் வார்ப்பிரும்பு பிளாக்கில் இருக்கிறது. மேல்முகம் மூடிய பிளாக், ஏழு மெயின் பேரிங், 8.5:1 கம்ப்ரஷன். உள்பாகங்களைத் தொடாமல் 700 ஹெச்.பி. வரை நம்பலாம். எக்ஸாஸ்டைத் திறந்து பூஸ்ட்டை 1.2 பாருக்கு ஏற்றினாலே சக்கரத்தில் 400-ஐ நெருங்கும். அதற்குமேல் ஒற்றைப் பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர், தனி கம்ப்யூட்டர், கிளட்ச் என்று பட்டியல் நீளும். கவனிக்க வேண்டிய இடங்கள் சிறியவை: கிராங்க் புல்லியின் ரப்பர் பிரிவது, ஆயில் பம்ப்பின் முன் சீல் தள்ளிக்கொண்டு வெளியே வந்து எண்ணெய் கொட்டுவது.

எல்எஸ்1-இல் அதே 400 ஹெச்.பி.க்குக் கேம், வால்வு ஸ்பிரிங், புஷ்ராட், ஹெடர், டியூனிங் போதும். டர்போ வேண்டாம், ஹெட்டையும் இறக்க வேண்டாம். ராக்கர்களைக் கழற்றிக் கேமை ஒரு சுற்றுச் சுற்றினால் லிஃப்டர்கள் மேலேறிப் பிளாஸ்டிக் தட்டுகளில் நின்றுகொள்ளும், முன்பக்கத் துளைகளில் இரண்டு கம்பிகளைச் செருகித் தாங்கிப் பிடித்துவிட்டுக் கேமை உருவலாம். இந்த வேலையில் இன்ஜினைக் கொல்லும் பிழைகள் இரண்டு. ஆயில் பம்ப்பைத் திரும்ப மாட்டும்போது பிக்கப் குழாயின் ஓ-ரிங் நசுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும், பிரஷர் விழும், பேரிங் போகும். புது ஓ-ரிங்கில் எண்ணெய் தடவி, குழாயைக் கோணாமல் உள்ளே தள்ள வேண்டும். இரண்டாவது, கிராங்க் பேலன்சரைத் தண்டோடு பூட்டும் சிறு ஆப்பு (கீ) கிடையாது. இறுக்கம் மட்டுமே அதைப் பிடிக்கிறது. பழைய போல்ட்டை 330 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கிப் பேலன்சரை அதன் இடத்தில் உட்காரவைத்து, கழற்றி, புது போல்ட்டை 50 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, மேலும் 140 டிகிரி திருப்ப வேண்டும். பழைய போல்ட்டையே வைத்து முடித்துவிடக் கூடாது. அது ஒருமுறை நீண்டுவிட்ட போல்ட்.

கமேரோவின் பலவீனம் பின் ஆக்ஸில். 7.625 அங்குல ரிங் கியரை இந்த டார்க்குக்குப் போட்டிருக்கவே கூடாது. ஸ்லிக் டயரும் ஆறு கியர் மேனுவலும் சேர்ந்தால் பற்கள் உதிர்கின்றன. வழக்கமான மாற்று, ஃபோர்டு ஒன்பது அங்குல வடிவ ஆக்ஸில். செவ்ரோலேக்குள் ஃபோர்டு ஆக்ஸில் என்று இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

இன்றைய விலையில் எனக்குக் குழப்பம் இல்லை. சுப்ராவும் அதன் கெட்ராக் கியர்பாக்ஸும் சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டன. அதைக் கிழித்து டிராக் கார் செய்வது பாவம். 600 ஹெச்.பி. வேண்டுமானால் 1999-2007 செவ்ரோலே டிரக்குகளின் 5.3 லிட்டர் இரும்பு பிளாக் எல்எம்7-ஐப் பழைய இரும்புக் கடையில் எடுத்து ஒரு டர்போ மாட்டுவதே வழி. கம்பெனி ரிங் இடைவெளி பூஸ்ட்டுக்குப் போதாது. சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு பிஸ்டன் விளிம்பைப் பிய்க்கும். மேல் ரிங்கை அரத்தில் தேய்த்து 0.6-0.7 மி.மீ.க்குத் திறந்துவிட்டால் இந்த இன்ஜின் பொறுமையாகத் தாங்கும்.

எல்எஸ்1, எல்எம்7 அடங்கிய இந்தக் குடும்ப இன்ஜின்கள்தான் இன்று நிஸான் 240எஸ்எக்ஸிலும் மாஸ்டா ஆர்எக்ஸ்-7-இலும் ஏறுகின்றன. புஷ்ராட் அமைப்பால் ஹெட்டுகள் ஒடுக்கம், ஆகவே ஜப்பானியப் பானெட்டுக்குள் உட்காரும். முன் எடை முக்கியமென்றால் அலுமினிய எல்எஸ்1-ஐத் தேட வேண்டும். டிரக்கிலிருந்து எடுத்த இன்ஜினாக இருந்தால் முதலில் ஆயில் பேனை அளக்க வேண்டும். டிரக் பேன் ஆழம் அதிகம், கிராஸ் மெம்பருக்கு (குறுக்குச் சட்டத்துக்கு) கீழே தொங்கும். கமேரோவின் பேன், அதன் பிக்கப் குழாய், விண்டேஜ் டிரே (windage tray, கிராங்குக்கு அடியில் எண்ணெய் தெறிப்பதைத் தடுக்கும் தகடு) மூன்றையும் ஒரே செட்டாக வாங்க வேண்டும். குழாய் ஒரு பேனுக்கும் பேன் இன்னொன்றுக்குமாக இருந்தால் வளைவில் எண்ணெய் கிடைக்காது. கலிஃபோர்னியாவில் 1976 அல்லது அதற்குப் பிந்தைய காராக இருந்தால், இன்ஜினைவிட அதன் புகைக் கருவிகள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். காரின் ஆண்டுக்குச் சமமான அல்லது புதிய இன்ஜினாக, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உட்பட எல்லாம் இருந்தால்தான் ரெஃபரி (புகைச் சோதனை) நிலையத்தில் ஒட்டும் அடையாளத்தாள் கிடைக்கும்.