ஓட்டு இல்லாதவர்களுக்காக யார் பேசுவது? புதுச்சேரியிலிருந்து ஓர் ஒப்பீட்டு அலசல்

புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் காலம் காலமாகக் குடியிருந்தும் இங்கே ஓட்டு இல்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. பிரெஞ்சு நேஷனாலிட்டி வைத்திருக்கும் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின்) குடும்பங்கள், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. கார்டு வைத்திருப்பவர்கள், ஆரோவில்லில் வாழும் வெளிநாட்டவர், ஈ.சி.ஆரில் மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருக்கும் ஈழத்தமிழர்கள். கடையில் சோப்பு வாங்கினால் அவர்களும்தான் ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள். இவர்களுக்காகப் பேச ஆள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குச் சொல்லப்படும் வழிகளை ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: பேச வந்தவர் சரியாகப் பேசாவிட்டால் அவரை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

முதல் வழி, குடியுரிமை தந்த நாடே பிரதிநிதியையும் தருவது. இது புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 1946-இல் லம்பேர் சரவணனும் 1951-இல் எதுவார் குபேரும் இங்கிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் போனவர்கள். அதே குபேர் 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் ஆனார். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்றும் அந்நாட்டுத் தேர்தல்களில் ஓட்டுப் போடுகிறார்கள். வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று 2012 முதல் 11 நாடாளுமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஆசியா, ஓசியானியா எல்லாம் சேர்ந்த பதினோராவது தொகுதியில் இந்தியா வருகிறது. அவ்வளவு பெரிய தொகுதிக்கு ஒரே உறுப்பினர். தூதரக அளவில் தேர்ந்தெடுக்கப்படும் ஆலோசகர்கள்தான் கொஞ்சம் பக்கத்தில் இருப்பவர்கள்.

என் கேள்விக்கு இந்த வழி பாஸாகிவிடுகிறது. பிடிக்காவிட்டால் மாற்றலாம். பென்ஷன், பாஸ்போர்ட், பிள்ளைகளின் பள்ளி என்று பேச ஆள் இருக்கிறது. ஆனால் தெருவில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் அதைப் பாரிஸில் போய்ச் சொல்ல முடியாது. முகாம்காரர்களுக்கோ இந்த அரைப் பங்குகூட இல்லை. வெளிநாட்டில் இருந்தபடியே ஓட்டுப் போட இலங்கைத் தேர்தல்களில் இதுவரை வழி இருந்ததில்லை.

இரண்டாவது, ஆலோசனை மன்றம். ஜப்பானின் கவாசாகி நகரம் 1996-இல் வெளிநாட்டுக் குடியிருப்பாளர்களுக்கென்று 26 பேர் கொண்ட மன்றம் அமைத்தது. நமக்குப் பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவேட்டில் பெயர் உள்ள 18 வயது நிறைந்த எல்லோருமே குடியிருப்போர் பேரவை உறுப்பினர்கள். பாஸ்போர்ட் எந்த நாடு என்ற கேள்வியே கிடையாது. இந்தியச் சட்டத்துக்குள் இப்படி ஓர் இடம் இருப்பது எனக்குப் பெரிய நம்பிக்கை. ஆனால் நிர்வாகக் குழுவை நியமிப்பது மத்திய அரசு. பேரவை அதற்கு ஆலோசனை சொல்லலாம், கட்டுப்படுத்த முடியாது. ஆலோசனை மன்றம் எங்கே போனாலும் இதுதான் கதை. கேட்பார்கள், டீ கொடுப்பார்கள், கோப்பில் வைப்பார்கள்.

மூன்றாவது, உள்ளாட்சி ஓட்டு. எனக்கு மனதளவில் மிகவும் பிடித்தது இதுதான். ஸ்வீடன் 1976-இலும் தென்கொரியா 2006-இலும் இதைக் கொடுத்துவிட்டன. நியூசிலாந்து 1975-லேயே பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) வைத்திருப்பவர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுக் கொடுத்தது. வேட்பாளராக நிற்கத்தான் குடியுரிமை வேண்டும். ஜெர்மனியில் இதே முயற்சியை அரசியல் சாசன நீதிமன்றம் 1990-இல் ரத்து செய்தது. நம் சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கிராம சபையிலேயே உறுப்பினர். புதுச்சேரியில் இன்னொரு வேதனையும் உண்டு. இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது, பிறகு 38 வருடம் கழித்து 2006-இல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. குடிமக்களுக்கே கவுன்சிலர் இல்லாத ஊரில் மற்றவர்களுக்கு உள்ளாட்சி ஓட்டு கேட்பதற்கு முன், தேர்தலை நடத்தச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, நியமனம். 30 பேர் தேர்ந்தெடுக்கப்படும் புதுச்சேரி சட்டசபையில் மூன்று பேர்வரை மத்திய அரசு நியமிக்கலாம். அந்த மூவர் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நியமித்தவர் கையில்தான் லகான். ஆனாலும் இதை நான் அடியோடு தள்ளவில்லை. தமிழ்நாடு 2025-இல் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டம் செய்தது. அதுபோல முகாம் இருக்கும் ஊராட்சியில் ஓர் இடம் ஒதுக்கலாம். முகாம் மக்களே தேர்ந்தெடுக்கும் ஆளை நியமிக்க வேண்டும் என்று விதி வைத்தால் என் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

இப்போது முகாமில் கழிவறைக்குக் கதவு வேண்டும் என்றால் என்ன நடக்கிறது? முகாம் தலைவர் மனு எழுதுகிறார். அது ஆர்.ஐ.யிடம் போகிறது, அங்கிருந்து தாசில்தார். நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். இந்த வரிசையில் அவர்கள் ஓட்டை நம்பி இருக்கும் ஆள் ஒருவர்கூட இல்லை.

ஆகவே என் தீர்ப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. பிரெஞ்சுக் குடும்பங்களுக்குப் பாரிஸ் பிரதிநிதியும், இங்கே ஓர் ஆலோசனை மன்றமும் போதும். ஓ.சி.ஐ.காரர்களுக்கு இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. முகாம்காரர்களுக்குப் போக வேறு கதவு இல்லை. அவர்களுக்கு மற்ற எல்லாமே இடைக்கால ஏற்பாடு, குடியுரிமைதான் முடிவு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்கு கிடைத்தது. நல்லதுதான், ஆனால் அது ஓட்டு ஆகாது.

இருக்கிற சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த ஒரு பெண், 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்ததைக் காட்டி நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்கள் யார் யார் என்பது முகாம் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். ஒவ்வொருவரையும் கோர்ட்டுக்கு அலையவிடாமல், வருவாய்த் துறையே பிறப்புச் சான்றிதழைத் தேடியெடுத்து, வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுக்கலாம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.