அஞ்சலகத் தொடர் வைப்பு: 500 ரூபாயில் ஒரு தொடக்கம்

கையில் மிஞ்சியதைச் சேமிப்போம் என்று அரிசி டப்பாவுக்குள் நான் ஒளித்துவைத்த நோட்டுகள் 20ஆம் தேதிக்குள் எரிவாயு உருளைக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ போய்விடும் என்பதால்தான், அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினேன். மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். நான் 500 ரூபாயாக வைத்துக்கொண்டேன். 2023 அக்டோபரில் நடப்புக்கு வந்த 6.7 சதவீத வட்டியில், கட்டும் 30,000 ரூபாய் முதிர்வில் ஏறத்தாழ 35,680 ரூபாயாகும். பெருந்தொகை அன்று, ஆனால் ஒரு பீரோவுக்குப் போதும்.

மாதத்தின் 15ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள்ளேயே கட்ட வேண்டும் என்பதால், சம்பளம் வந்ததும் முதல் செலவாக இதை முடித்துவிடுகிறேன். தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம், அதாவது எனக்கு ஐந்து ரூபாய். சிறு தொகைதான், ஆனாலும் உறுத்துகிறது. பன்னிரண்டு தவணைகள் கட்டியபின் இருப்பில் பாதிவரை கடன் பெறலாம் என்பது நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாமல் காக்கும் வசதி.

குறை என்று சொன்னால், தொடங்கி மூன்றாண்டு நிறையும் முன் கணக்கை முடிக்க முடியாது. அதன்பின் இடையில் முடித்தாலும் சேமிப்புக் கணக்கின் வட்டியே கிடைக்கும். எனவே மருத்துவச் செலவுக்கான பணத்தை இதில் போடாதீர்கள்.