கார்பன் ஃபாயில் என்று கண்ணாடி இழையை விற்றுவிட்டார்கள்: 1,92,000 ரூபாய் போயிற்று

பாய்மரப் படகுக்கு ஹைட்ரோஃபாயில், அதாவது நீருக்கடியில் சிறகுபோல் இயங்கிப் படகை நீருக்கு மேலே தூக்கும் பாகம், வாங்க நினைப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள். முழுக்க கார்பன் ஃபைபரால் ஆனது என்று சொல்லி விற்கப்பட்ட ஃபாயில் ஜோடிக்கு நான் 1,92,000 ரூபாய் கொடுத்தேன். வந்து சேர்ந்ததோ கருப்புச் சாயம் கலந்த பிசினில் ஊறிய கண்ணாடி இழை. போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில், படகு நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து ஓடிக்கொண்டிருந்தபோது அது முறிந்தது. விற்றவர் இப்போது கைபேசியை எடுப்பதில்லை. இடையில் நின்று பணத்தை வாங்கி அவரிடம் சேர்த்த இணையச் சந்தை, என் புகாரை ‘முடிக்கப்பட்டது’ என்று குறித்து மூடிவிட்டது.

படகை நானே கட்டினேன். காட்பாடியில் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில், மோத் எனப்படும் ஒருவர் ஓட்டும் சிறிய பந்தயப் படகுகளுக்கான 3,355 மில்லிமீட்டர் நீளம், 2,250 மில்லிமீட்டர் அகலம் என்ற வரம்புகளை மீறாமல், மரைன் பிளைவுட்டும் எபாக்சியும் கொண்டு உடலைச் செய்தேன். வெளி அளவுகளை மட்டும் கட்டுப்படுத்திவிட்டு மற்ற பலவற்றையும் கட்டுபவரின் அறிவுக்கு விட்டுவிடுவது அந்த வகையின் பெருமை. 2005இல் மெல்போர்னில் ரோஹன் வீல் ஃபாயில் படகில் உலகப் பட்டம் வென்ற பிறகு, ஃபாயில் இல்லாமல் அந்தப் பந்தயத்தில் வெல்லலாம் என்ற பேச்சே ஓய்ந்துவிட்டது. உடலைக் கையால் இழைத்துச் சரிசெய்யலாம். ஃபாயிலின் வளைவுக்குத் துல்லியமாக வெட்டிய அச்சு வேண்டும் என்பதால் அதை மட்டும் வெளியில் வாங்க முடிவு செய்தேன்.

ஃபாயில் ஏன் கார்பனாக இருக்க வேண்டும் என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுப்பலகையின் அடியில் ஒரு கிடைச் சிறகும் சுக்கானின் அடியில் இன்னொன்றும் தலைகீழ் ‘டி’ வடிவில் இருக்கும். படகின் முன்முனையில் தொங்கும் வாண்ட் என்ற மெல்லிய குச்சி நீர்மட்டத்தைத் தடவிக்கொண்டே வந்து, படகு தாழ்ந்தால் முதன்மைச் சிறகின் பின்விளிம்பில் அசையும் மடிப்பான ஃபிளாப்பைக் கீழே இறக்கித் தூக்குவிசையைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். அந்த அசைவைக் கொண்டுசெல்லும் புஷ்ராட் என்ற கம்பி, நடுப்பலகையான செங்குத்துத் தண்டுக்குள் ஓடுகிறது. தண்டு வளைந்தால் புஷ்ராட் இறுகும், ஃபிளாப் தாமதமாக அசையும், படகு துள்ளும். சிறகு மேலே வந்து காற்றை இழுத்துவிட்டால் தூக்குவிசை நொடியில் அற்றுப்போய்ப் படகு ஆளோடு விழும். சாதாரணக் கார்பன் இழையின் விறைப்பு ஏறக்குறைய 230 கிகாபாஸ்கல். கண்ணாடி இழைக்கு 70ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். என் எடையையும் படகின் எடையையும் பெரும்பாலும் ஒற்றைத் தண்டு தாங்கும் இடத்தில் இந்த வித்தியாசத்தை மறைத்து விற்பது பண மோசடியோடு நிற்பதில்லை.

விற்றவரை நான் எந்தக் கட்டத்தில் நம்பினேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரிடமும் அவர் இதையேதான் செய்வார். பழைய விளையாட்டுச் சாதனங்களும் கைவேலைப் பொருட்களும் விற்கும் ஓர் இணையச் சந்தையில் அவருடைய விளம்பரம் இருந்தது. நான் விலை கேட்டபோது அவர் விலையைச் சொல்லவில்லை. “சார், உங்க வெயிட் என்ன? கடல்ல ஓட்டுவீங்களா, ஏரியிலயா? எவ்வளவு காத்துல படகு எழும்பணும்?” என்று கேட்டார். எழுபத்தெட்டு கிலோ என்றதும், அப்படியானால் சிறகின் பரப்பைச் சற்றுக் கூட்ட வேண்டும் என்றும், பெரிய சிறகு மெல்லிய காற்றிலேயே தூக்கிவிடும் ஆனால் உச்ச வேகத்தைக் குறைக்கும் என்றும், பந்தயத்தில் ஓட்டியவர் பேசும் விதத்தில் பொறுமையாக விளக்கினார். நான் வேலூர் என்றதும், “விஷ்ணு சரவணன் ஊரா சார்!” என்றார். டோக்கியோவிலும் பாரீஸிலும் ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் ஓடிய எங்கள் ஊர்ப் பிள்ளையின் பெயரை முன்பின் தெரியாத ஒருவர் வாயால் கேட்டபோது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. பிறகு ஒரு வீடியோ அனுப்பினார். தண்டை மேசையில் இறுக்கி, சிறகின் நுனியில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு குறைவாக வளைகிறது என்று அளவுகோலை வைத்துக் காட்டியிருந்தார். அந்த வீடியோவில் இருந்த ஃபாயிலின் போல்ட் துளைகளும் எனக்கு வந்த ஃபாயிலின் துளைகளும் ஒரே இடத்தில் இல்லை. காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று.

“பொருள் உங்கள் கைக்கு வரும்வரை பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கும்” என்று அந்தச் சந்தை எழுதியிருந்தது. 1,92,000 ரூபாயையும் அவர்களுடைய கணக்கில்தான் கட்டினேன்.

ட்ரெய்லரில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பிற்பகல் கடற்காற்றில் இறக்கினேன். படகு எழுந்ததுமே துள்ளத் தொடங்கியது. வாண்டின் நீளத்தைக் குறைத்தேன், வாண்டின் அசைவுக்கு ஃபிளாப் எவ்வளவு அசைய வேண்டும் என்ற கியரிங்கை மாற்றினேன், சுக்கான் சிறகின் கோணத்தைத் திருகிப் பார்த்தேன், அடங்கவில்லை. அடுத்த ஓட்டத்தில் தண்டும் சிறகும் சேரும் மூட்டு விட்டுப்போனது. முன்முனை நீரில் குத்த, நான் பாய்மரக் கம்பிக் கயிற்றில் மோதித் தூக்கி எறியப்பட்டேன். விலா இன்னும் வலிக்கிறது. பாதுகாப்புப் படகு பக்கத்தில் இருந்ததால் கரை சேர்ந்தேன்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபைபர் தொட்டிகள் செய்யும் என் மைத்துனரிடம் முறிந்த துண்டுகளைக் கொண்டுபோனேன். அவர் மேற்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து மல்டிமீட்டரை வைத்தார். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. மீட்டர் எதையும் காட்டவில்லை. இன்னும் தேய்த்தபோது கருப்புப் பிசினுக்கு அடியில் வெள்ளை இழை பல்லிளித்தது. மூட்டு அதைவிட மோசம். தண்டின் இழைகள் திரும்பிச் சிறகுக்குள் படர்ந்திருக்க வேண்டும். இதில் இரண்டையும் தனித்தனியாக வார்த்து, இடைவெளி நிரப்பும் பட்டி வைத்து ஒட்டியிருந்தார்கள். “ஆசிட் தொட்டிக்குக்கூட இப்பிடி ஜாயிண்ட் போட மாட்டோம் மாமா” என்றார் அவர்.

விற்றவர் முதலில் லாரியில் அடிபட்டிருக்கும் என்றார். பார்சல் அலுவலகத்தில் கேட்டால், பெட்டி உடையாமல் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்றார்கள், அது உண்மையும்கூட. அதைச் சொன்னதும், நான் படகை மூக்குக் குத்த ஓட்டியிருப்பேன் என்று பேச்சை மாற்றினார். மல்டிமீட்டர் படத்தை அனுப்பிய பிறகு, “விளம்பரத்துல கார்பன் ஃபினிஷ்னுதான் சார் போட்டிருக்கேன்” என்றார். போய்ப் பார்த்தால் விளம்பரம் திருத்தப்பட்டிருந்தது. பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. அதையும் அனுப்பினேன். அதன் பிறகு பதிலே இல்லை.

சந்தையின் உதவிப் பிரிவில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் வந்து, ஒவ்வொருவரும் கதையை முதலிலிருந்து கேட்டு, ‘உங்கள் சிரமம் புரிகிறது’ என்றார்கள். பொருள் வந்து மூன்று நாளுக்குள் புகார் வராவிட்டால் பணம் தானாக விற்பவருக்குப் போய்விடும் என்ற விதியைப் பணம் கட்டும் பக்கத்தில் எங்கும் காட்டாமல், இப்போது எடுத்து நீட்டுகிறார்கள். கடலில் சுமை ஏறினால் மட்டுமே தெரியும் குறையைப் பெட்டியைத் திறந்த மூன்று நாளில் யாரால் கண்டுபிடிக்க முடியும்? 1,92,000 ரூபாய்க்கு அவர்கள் கடைசியாகக் கொடுக்க முன்வந்தது அடுத்த வாங்கலுக்கான ஒரு தள்ளுபடிக் கூப்பன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க மனுவும் தயாராகிறது. ஐந்து லட்சம் வரையிலான தொகைக்கு அங்கே கட்டணம் இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. இணையச் சந்தைகளுக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அரட்டைப் பெட்டியோடு நிற்காமல் அவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ஃபாயிலை எப்படிச் சோதித்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போதைய மனநிலையில் அவசியமானதை மட்டும் சொல்கிறேன். ஃபாயில் அச்சில் இருக்கும்போதே, இழை அடுக்கும் நிலையில் எடுத்த படங்களைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சுமைச் சோதனை வீடியோவில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் தண்டின் மேல் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தை முதல் நாளே படமெடுத்து வையுங்கள். பெட்டி வந்த அன்றே, போல்ட்டுக்கு அடியில் மறையும் இடத்தில் சிறிது தேய்த்து மல்டிமீட்டரை வையுங்கள். இப்படிப்பட்ட கருப்பு ஃபாயில் ஏற்கெனவே கையில் இருந்தால், மூட்டைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டும்வரை தயவுசெய்து தண்ணீரில் இறக்காதீர்கள்.