படிப்பைத் தேர்ந்தெடுக்க ஆலோசனை மையம்: ஒரு அப்பாவின் மதிப்புரை

மகள் கல்லூரியில் என்ன படிக்கலாம் என்பதில் வீட்டில் ஒத்த கருத்து இல்லை. நான் புள்ளியியல் என்றேன், மனைவி மருத்துவம் என்றாள், மகளுக்கு உளவியல். அதனால்தான் இந்த மையத்துக்குப் போனோம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன்.

முதலில் ஒரு வினாத்தாள். ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரிக்கும், அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்டின் கோட்பாட்டை ஒட்டியது. அவர் அதை 1959இல் முன்வைத்தார். இதைப் பல இடங்களில் நிரப்பச் சொல்வார்கள். இங்கே அதே தாளை எங்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்து, "உங்கள் மகள் என்ன பதில் சொல்வாள் என்று நினைக்கிறீர்களோ, அதை எழுதுங்கள்" என்றார் ஆலோசகர். அப்புறம் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆராய்ச்சி வகையில் மூன்றும் ஒத்துப்போயின. மனிதர்களோடு பேசிப் பழகும் வேலைகளில்தான் அவளுக்கும் எங்களுக்கும் பெரிய இடைவெளி. வீட்டில் அதிகம் பேசாத பெண் அவள்.

அடுத்து என் பக்கம் திரும்பி, "நீங்கள் அலுவலகத்தில் காலை பதினோரு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?" என்றார். நான் கணக்குத் தணிக்கையாளர். பில்களைச் சரிபார்ப்பது, கணக்கு இடிக்கும் இடத்தைத் தேடுவது, மாதக் கடைசி நெருக்கடி எல்லாம் சொன்னேன். மகள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பெற்றோர் தரக்கூடிய பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு செலவு செய்ய முடியும், எவ்வளவு தூரம் அனுப்பச் சம்மதம் என்பதையும் அவள் முன்னாலேயே சொல்ல வைத்தார். இடம் கிடைத்த பிறகு 'முடியாது' என்று சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

பாடத்திட்டத்தையும் எடுத்துப் படிக்கச் சொன்னார். உளவியல் பட்டப்படிப்பில் புள்ளியியல் தாள்கள் இருப்பதைப் பார்த்ததும் எங்கள் வாக்குவாதம் பாதி குறைந்தது.

குறைகளும் உண்டு. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் பொருத்தச் சதவீதம் போடுகிறார்கள். ஆர்வத் தேர்வு திறமையை அளப்பதில்லை. அந்த எண்ணைப் பார்த்தால் மதிப்பெண் என்றே தோன்றும். அதைவிட வருத்தம், பணம் கட்டியவன் நான் என்பதால் அறிக்கை என் மின்னஞ்சலுக்கு மட்டும் வந்தது. கேட்ட பிறகே அவளுக்கும் அனுப்பினார்கள். படிக்கப் போகிறவள் அவள்; முதலில் அவளுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு, பிள்ளையைச் சம்மதிக்க வைக்க ஆள் தேடும் பெற்றோருக்கு இந்த இடம் சரிவராது. மற்றவர்கள் போகலாம். இரண்டாவது அமர்வில் பிள்ளையைத் தனியாகப் பேச விடச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.